விதி 8(2)

தமிழில் தூது போன பெண் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அவ்வை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியது என்று புறநானூற்றின் 95ஆம் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு சொல்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பளபளவென்று இருப்பதைப் புகழ்வதுபோலத் தொடங்கி, அவை போர்க்களமே காணாதவை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும் பாட்டு அது. சங்கப் பாட்டுகளில் நாம் காணும் இந்த அவ்வை கோலூன்றிய கிழவி அல்ல. அவரைக் கிழவியாக்கியது பிற்காலக் கதை. கல்யாணத்திலிருந்து தப்புவதற்காகப் பிள்ளையாரை வேண்டி முதுமையைப் பெற்றார் என்ற அந்தக் கதையை, 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படம் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது.

பெண் அரசவைக்குள் நுழைய வேண்டுமென்றால் இளமையையும் இல்லறத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அந்தக் கதைக்குள் இருக்கும் நிபந்தனை இதுதான். 1949இல் இந்திய அரசு இதே நிபந்தனையை ஒரு தாளில் எழுதி, ஒரு பெண்ணிடம் கையெழுத்துக் கேட்டது.

அந்தப் பெண் சி.பி. முத்தம்மா. 1924இல் குடகின் விராஜ்பேட்டையில் பிறந்தவர். வன அதிகாரியான அப்பா, இவருக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர் அம்மா. மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்த முத்தம்மா, பட்டப்படிப்புக்குச் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தின் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பி.ஏ., கடற்கரைச் சாலையின் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. 1948இல் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். மறு ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணானார்.

அவர் படிக்க வந்த சென்னை வெறும் கல்லூரிகளின் ஊர் அல்ல. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் டிசம்பரில் சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்த ஊரில்தான் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். வாக்குச் சீட்டு, மேலவை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்த ஊர் இது. அரசு அலுவலகத்தின் நாற்காலி மட்டும் இன்னும் ஆணுக்கே உரியதாக இருந்தது.

நேர்முகத் தேர்வில் முத்தம்மாவை வெளியுறவுப் பணியை விட்டு விலக்கத்தான் முயன்றார்கள். அதையும் தாண்டி வந்தபோது, திருமணம் செய்துகொண்டால் வேலையிலிருந்து விலகிவிடுவேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவருடன் சேர்ந்த ஆண்கள் யாரிடமும் அப்படி ஒரு தாளை நீட்டவில்லை.

இது ஒரு பெண்ணுக்கு நேர்ந்த தனிக்கதை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த அன்னா ராஜம், 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தார். வெளியுறவுப் பணியும் மத்தியப் பணிகளும்தான் பெண்களுக்குப் பொருத்தம், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தேர்வுக் குழு அவருக்கு யோசனை சொன்னது. அவர் கேட்கவில்லை, சென்னை மாநிலத்தையே தேர்ந்தெடுத்தார். திருமணமானால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன ஆணையிலும் ஒரு வரி இருந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்கு அவரை வெளியூரில் சார் ஆட்சியராக அமர்த்தத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் இருக்கலாமே என்றார்கள். அன்னா ராஜம் வாதாடி ஓசூருக்குப் போனார். இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தியிடம் வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஆகாது என்கிறார்கள். மற்றவளிடம் அதுதான் பெண்ணுக்கு ஏற்றது என்கிறார்கள். எந்தப் பணி என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. பெண் எதைக் கேட்கிறாளோ அதைத் தவிர வேறு எதையும் தரத் தயாராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

முத்தம்மாவின் முதல் பணியிடம் பாரிஸ். பிறகு ரங்கூன், லண்டன், இடையில் டெல்லி. 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பணியில் சேர்ந்து தூதர் நிலைக்கு உயர்ந்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்து கானா. அதற்குப் பிறகு முதல் நிலைப் பதவி உயர்வுக்கான முறை வந்தபோது, தகுதி போதவில்லை என்று அவரை ஒதுக்கிவிட்டு இளையவர்களை உயர்த்தினார்கள். முப்பது ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த பதில் அது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் உண்டு. பரிசு வாங்கக் கூடாது, சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும், நேர்மை தவறக் கூடாது என்பவை அவை. அரசின் அறம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. வெளியுறவுப் பணிக்கான 1961ஆம் ஆண்டின் நடத்தை, ஒழுங்கு விதிகளில் 8(2) என்று ஒன்று இருந்தது. பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ளும் முன் அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு அவளுடைய குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், எப்போது வேண்டுமானாலும் பதவி விலகச் சொல்லலாம். பணி நியமன விதிகளில் 18(4) இன்னொன்று: மணமான பெண் இந்தப் பணிக்கு உரிமையோடு வர முடியாது. லஞ்சத்தையும் ஊழலையும் தடுக்க எழுதிய நடத்தை விதிகளுக்குள் பெண்ணின் கல்யாணத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள். தமிழில் விதி என்ற சொல்லுக்குச் சட்டம் என்றும் தலையெழுத்து என்றும் பொருள் இருப்பது, பெண்களைப் பொறுத்தவரை தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது.

முத்தம்மா நீதிமன்றத்தின் முன் வைத்தது அந்தப் புத்தகத்தையேதான். தான் நேர்மை தவறியதாக யாரும் சொல்லவில்லை, அரசுதான் அரசமைப்பின் 14, 16 ஆகிய உறுப்புகளைத் தவறவிட்டிருக்கிறது என்பது அவர் வாதம். நாட்டின் சார்பாக அந்நிய அரசுகளிடம் பேசிக்கொண்டிருந்தவர், தன் அரசிடம் அதன் சொந்த நெறியைப் பற்றிக் கேட்டார். பதவியில் இருந்துகொண்டே கேட்டார் என்பதுதான் முக்கியம். ஓய்வுக்குப் பிறகு நினைவுக் குறிப்பில் எழுதுவது எளிது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பியது. விதி 18(4) 1973லேயே நீக்கப்பட்டுவிட்டது, 8(2) நீக்கப்படவிருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னது. 1979 செப்டம்பர் 17 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரும் நீதிபதி பி.என். சிங்கலும் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் சென்னையில் சட்டம் படித்த கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையை மட்டும் கெடுக்காதா என்று கேட்டார். மனுவைத் தள்ளுபடி செய்தாலும் பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்ற பொருளில் முடித்தார். இழந்த பணி மூப்பை மறுபரிசீலனை செய்ய அரசுக்கு ஆணையிட்டார்.

இந்தத் தீர்ப்பை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் கை தட்டுவார்கள். கை தட்ட வேண்டியதுதான். ஆனால் இரண்டு இடங்களில் நிறுத்தி அவர்களை யோசிக்கச் சொல்வேன். முதலாவது, மனு தள்ளுபடியானது. கேட்டவளுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டால் கேள்வியே செத்துவிடும் என்பது அதிகாரத்தின் பழைய தந்திரம். நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்ததும் ஒரு ஜோடி வளையல் வந்து சேரும். இரண்டாவது, எல்லா வேலைகளிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று தாம் சொல்லவில்லை என ஒரு சிறு வாசலைத் தீர்ப்பு திறந்தே வைத்தது.

அந்த வாசல் வழியாக என்னவெல்லாம் நுழையும் என்பது இரண்டே ஆண்டில் தெரிந்தது. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் நெர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் இதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை நீதிமன்றம் நீக்கியது. பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற விதியை நியாயமானது என்று விட்டுவிட்டது. 1979 செப்டம்பரையும் மறக்க வேண்டாம். மதுரா என்ற பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்தில் வல்லுறவு செய்த வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்ததைக் கண்டித்து, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதியது அதே மாதம்தான். தூதருக்கு மறுக்கப்பட்ட பதவி உயர்வும் பழங்குடிச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட நீதியும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. முத்தம்மாவுக்கு ஆங்கிலமும் பதவியும் இருந்தன. மதுராவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பெண்ணின் சொல்லை நம்பாத அதே பழக்கம்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது.

நான் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனது இந்தத் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு. என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது குழந்தை, மாமியார் கூட இருக்கிறாரா என்று நான்கு. என்னோடு காத்திருந்த ஆண் நண்பரிடம் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் பற்றி மட்டும் கேட்டிருந்தார்கள். 8(2) புத்தகத்திலிருந்து போய்விட்டது. கேட்பவர்களின் வாயில் இருக்கிறது. எழுதப்பட்ட விதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வியை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே அமைத்த ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவர் தேர்வா, அந்தத் தாளின் விளைவா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியே எழ முடியாதபடி ஆண்களின் வாழ்க்கை இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. குடகுச் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ‘ஸ்லெயின் பை தி சிஸ்டம்’ என்று, அமைப்பால் கொல்லப்படுவதைத் தலைப்பிலேயே சொல்லும் கட்டுரை நூல் ஒன்றையும் எழுதினார். 2009 அக்டோபரில் பெங்களூருவில் இறந்தார்.

அவர் பணியில் சேர்ந்து 52 ஆண்டுகள் கழித்து, 2001இல், சோக்கிலா ஐயர் வெளியுறவுச் செயலரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அடுத்து 2009இல் நிருபமா ராவ், 2013இல் சுஜாதா சிங். மூவரின் பெயரையும் பொது அறிவுத் தேர்வுக்காக என் மாணவிகள் மனப்பாடம் செய்கிறார்கள். முதல் பெண் யார் என்ற கேள்விக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். முதல் பெண் வருவதற்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது என்ற கேள்வி எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் ஒதுக்கி, விதி 8(2)ஐக் கரும்பலகையில் முழுதாக எழுதிப் போடுகிறேன். அதில் ‘பெண் அதிகாரி’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘ஆண் அதிகாரி’ என்று மாற்றி, உரக்கப் படிக்கச் சொல்கிறேன். இரண்டாம் வரியைத் தாண்டுவதற்குள் வகுப்பே சிரித்துவிடுகிறது.