மொழியறியா மண்ணில் சவேரியார்

டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் விழாவை நாம் கொண்டாடுகிறோம். அன்று நாம் கேட்கும் மறையுரைகளிலும் சிறுவயதில் படித்த புனிதர் வரலாறுகளிலும் ஒரு செய்தி இடம்பெறுவதுண்டு. அவர் எந்நாட்டில் கால் வைத்தாலும் அந்நாட்டு மொழியை இறையருளால் உடனே பேசினார் என்பது அது. 1622-ஆம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. அதனையொட்டித் திருத்தந்தை எட்டாம் உர்பான் வெளியிட்ட ஆணை மடலிலும் இப்பன்மொழி வரம் போற்றப்படுகிறது.

ஆயினும், சவேரியார் தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடல்களைப் புரட்டினால் வேறொரு மனிதரை நாம் சந்திக்கிறோம். அயல்நாட்டில் மொழி தெரியாது தவித்தவர்; பிறர் நாவைக் கடன் வாங்கி வாழ்ந்தவர்; தம் இயலாமையை மறைக்காது எழுதி வைத்தவர். இம்மனிதரை நாம் அறிந்துகொள்வதால் புனிதரின் பெருமை குறையுமோ என அஞ்ச வேண்டியதில்லை. அவரை அறியாதிருந்தால்தான் நமக்கு இழப்பு.

கற்பித்தவர் கற்க வந்தார்

1506-இல் நவார் நாட்டின் சவியேர்க் கோட்டையில் பிறந்த பிரான்சிசுக்குத் தாய்மொழி பாஸ்கு. 1525-இல் பாரிசு சென்று, பதினோராண்டுகள் அங்குத் தங்கி, பட்டம் பெற்று, மெய்யியல் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கினார். இலத்தீனும் காஸ்திலிய மொழியும் பிரெஞ்சும் அவருக்குக் கைவந்தவை. போர்த்துக்கீசியமும் அறிந்தார். இத்தனை மொழிகளோடு 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கியவர், அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறையை அடைந்தபோது, அவற்றுள் ஒன்றேனும் அங்கு உதவவில்லை.

அக்கரையின் பரதவர் 1535 தொடங்கி 1537-க்குள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால், மறையறிவு புகட்டுவார் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று சவேரியார் கேட்டபோது, தாங்கள் கிறித்தவர்கள் என்பதற்குமேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. போர்த்துக்கீசிய மொழி அவர்களுக்கு விளங்காததே இதற்குக் காரணம் என்று அவர் தெளிவாக எழுதுகிறார். நீர் வார்த்தவருக்கும் நீர் ஏற்றவருக்கும் இடையே ஒரு பொது மொழி இல்லாமற் போனதன் விளைவு இது. தமிழறியாத தாம் தனியே சென்றால் அதுவே தொடரும் என்பதை உணர்ந்ததால், தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த மூவரைக் கோவாவிலிருந்து அவர் உடன் அழைத்து வந்தார். அவர்களுள் இருவர் திருத்தொண்டர்; ஒருவர் சிறுபட்டம் பெற்றவர்.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய நீண்ட மடலில், தாம் கைக்கொண்ட வழியை அவர் விவரிக்கிறார். அம்மக்கள் பேச்சு தமக்குப் புரியவில்லை. தம் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. ஆகவே, இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைத் தேடிக் கூட்டினார். பல நாள் அவர்களோடு அமர்ந்து, மிகுந்த உழைப்புடன் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் அமைத்தார். அமைத்தவற்றை ஒரு பள்ளிச் சிறுவனைப் போல் மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் தெருக்களில் சென்று சிறுவரையும் ஆடவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறை அவற்றைச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு திங்கள் கடந்தபின், சிறுவரிடமே ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். கற்றதைத் தாய் தந்தையருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிப்பதே அப்பொறுப்பு. நோயாளிகளிடம் தாம் செல்ல இயலாதபோதும் சிறுவரையே அனுப்பினார். மொழியறியாப் பெரியவருக்குச் சிறுவரே நாவாயினர்.

ஒரு சொல்லின் பிழை

கடன் வாங்கிய நா இடறுவதும் உண்டு. தம் உடன் பணியாளரான மான்சிலாசுக்குச் சவேரியார் எழுதிய மடல்களுள் ஒன்றில், படிப்போரைப் புன்னகை பூக்கவும் சிந்திக்கவும் செய்யும் குறிப்பு ஒன்று காணப்படுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்னும் பொருள்படும் தொடர் புகுந்திருந்தது. தாம் கற்றுக்கொண்டும் பிறருக்குக் கற்பித்தும் வந்த செபத்தில் இப்பிழை இருந்ததை அறிந்தவுடன், சவேரியார் அதனைத் திருத்துமாறு எழுதினார். வேணும் என்பது விருப்பத்தைக் காட்டும் சொல். விசுவாசம் அதனின் வேறு என்று தமிழ்ச் சொற்களையே எடுத்துக்காட்டி விளக்கவும் செய்தார்.

பிறமொழி மண்ணில் வாழ்வோர்க்கு இந்நிலை புதிதன்று. தாம் சொல்வது இன்னதென்று தாமே அறியாமல் சொல்ல நேர்வது அவர்களுக்கு அன்றாட அனுபவம். கடையிலும் மருத்துவமனையிலும் அவர்கள் மெய்யாகவே கற்கும் முதற்சொல் 'வேண்டும்' என்பதாகவே இருக்கும். 'நம்புகிறேன்' என்று சொல்லும் மொழித்திறம் பின்னரே வாய்க்கும். அக்கடற்கரைச் செபத்தில் தேவையின் சொல் விசுவாசத்தின் சொல்லுக்கு முந்திக்கொண்டதை நாம் வெறும் பிழையாக மட்டும் கருத இயலவில்லை.

துபாசி இல்லாத நாட்கள்

1544-இல் எழுதிய மற்றொரு மடல் நம் நெஞ்சை மேலும் தொடுகிறது. துபாசியாக உதவிய அந்தோனி நோயுற்று மணப்பாட்டில் தங்கிவிட்டார். துணையின்றித் தனித்திருந்த சவேரியார், தாம் நடத்தும் வாழ்வையும் நிகழ்த்தும் மறையுரையையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுமாறு மான்சிலாசிடம் ஒருவகை நகைப்போடு எழுதுகிறார். மக்கள் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை. தாம் அவர்களை அதனினும் குறைவாகவே புரிந்துகொள்வதாகக் கூறுகிறார். பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்குத் துபாசி தேவையில்லை. ஏழைகள் தங்கள் துன்பத்தைத் துபாசியின்றியே உணர்த்துகின்றனர்; அவர்களைப் பார்த்த அளவில் தாமும் துபாசியின்றியே உணர்ந்துகொள்வதாக முடிக்கிறார்.

அவ்வாண்டு வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சிய கன்னியாகுமரிப் பகுதி மக்கள் கடற்பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மாண்டுகொண்டிருந்தனர். சவேரியார் உணவேற்றிய 20 தோணிகளுடன் அவர்களிடம் விரைந்தார். காற்று எதிர்த்தமையால் தோணிகள் செல்ல முடியாமற் போகவே, பின்னர்க் கால்நடையாகவே சென்றார். தமிழில் சரளமாக உரையாட இயலாத அவர், அம்மக்களின் துயரை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலாக்காவிலும் யப்பானிலும்

ஒருமுறை பட்ட துன்பம் மறுமுறை எளிதாகிவிடவில்லை. 1545-இல் மலாக்காவை அடைந்தபோது சவேரியார் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பினார். செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கும் வேலையில் அமர்ந்தார். மொழி அறியாதிருப்பது பெருந்துன்பம் என்று அங்கிருந்தும் எழுதினார்.

1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் யப்பானின் ககோசிமாவில் இறங்கியபோது அவருக்கு வயது 43. அவ்வூரினரும் கோவாவில் திருமுழுக்குப் பெற்றவருமான அஞ்சிரோ என்பவர் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார். சில திங்களுக்குப்பின் எழுதிய மடலில், அம்மக்களிடையே தாங்கள் சிலைகளைப் போல் நிற்பதாகச் சவேரியார் குறிப்பிடுகிறார். மக்கள் தங்களைப் பற்றியே பேசிக்கொள்கின்றனர். தாங்களோ ஒன்றும் விளங்காமல் வாய் மூடி நிற்கின்றனர். மொழி கற்பதில் சிறு குழந்தைகளாக வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் எளிமையும் தங்களுக்கு வாய்க்கவேண்டும் என்று அவர் விழைகிறார்.

இங்கும் ஒரு சொல் இடறியது. இறைவனைக் குறிக்க அஞ்சிரோ 'தைனிச்சி' என்னும் பெயரைத் தேர்ந்தெடுத்தார். சிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவினர் வணங்கும் புத்தர் ஒருவரின் பெயர் அது. இரண்டாண்டுகள் கழித்து யாமகுச்சி நகரில் அப்பிரிவுத் துறவிகளோடு உரையாடியபோதுதான் சவேரியார் உண்மையை உணர்ந்தார். அதுவரை பறைசாற்றிய பெயரை உடனே கைவிட்டு, 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கத் தொடங்கினார். தெருக்களில் நின்று தம் அறிவிப்பைத் தாமே மறுத்துரைக்க எத்துணைத் தாழ்ச்சி வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

நா அளித்தவர்கள்

சவேரியார் தொடங்கி வைத்ததை நிறைவு செய்தவர் என்றிக் என்றீக்கஸ் அடிகளார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர் தமிழை இலக்கண நெறிப்படி முயன்று கற்றார். உடன் உழைத்த குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் ஒறுத்தல் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் செய்துகொண்டார். அவ்வுழைப்பின் கனியாக 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. 16 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலையும், 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' என்னும் நூலையும் தமிழுலகம் இன்றளவும் போற்றுகிறது. 1600-ஆம் ஆண்டு அவர் இறக்கும் வரை அக்கடற்கரையே அவருக்கு இல்லமாயிற்று.

இவர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியுள்ளோம். ஆனால், பல நாள் சவேரியாரோடு அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்த அக்கரையோர் யாவர்? அந்தோனி போன்ற இரண்டொருவரின் திருமுழுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் நமக்கு எட்டவில்லை. அவருடைய கொச்சைத் தமிழைக் கேட்டு எள்ளி நகையாடித் துரத்தாமல், நாளுக்கு இருமுறை கூடி நின்று திரும்பச் சொன்ன மீனவர் எத்தனையோ பேர். பிழையோடு வந்த சொல்லிலும் பொருளைத் தேடிக்கொண்ட அவர்களது பொறுமையே அந்த மறைபரப்புப் பணியின் பாதி. பன்மொழி வரம் என ஒன்று இருந்ததெனில், அது பேசியவரின் நாவைவிடக் கேட்டவர்களின் செவிகளிலேயே மிகுதியாகப் பொழியப்பட்டது என நாம் கருதுகிறோம். பெந்தகோஸ்து நாளிலும் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர் என்றுதானே திருத்தூதர் பணிகள் நூல் உரைக்கிறது?

இன்று நம் நடுவே

நம் குடும்பங்களுள் அயல்நாட்டில் ஓர் உறவேனும் இல்லாதவை இன்று குறைவு. வளைகுடா நாடுகளில் உழைப்போரும், ஐரோப்பிய மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரும் அருட்சகோதரியரும் முதல் ஆண்டில் சிலைகளைப் போல் நின்றவர்களே. 1983 சூலைக் கலவரத்திற்குப்பின் சுவிட்சர்லாந்து, செருமனி, பிரான்சு, நார்வே முதலிய நாடுகளில் தஞ்சம் புகுந்த ஈழத் தமிழ்ப் பெற்றோர்க்கு, அலுவலகங்களிலும் மருத்துவரிடத்திலும் பள்ளி செல்லும் பிள்ளைகளே துபாசிகளாயினர். சவேரியாரின் மணியோசைக்கு ஓடிவந்த சிறுவர் நமக்கு நினைவுக்கு வருகின்றனர். அந்நாடுகளில் நம்மவர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வது, பிழையான பேச்சை இடைமறிக்காமல் கேட்ட ஓர் அண்டை வீட்டாரையோ ஓர் ஆசிரியரையோதான்.

அதே வேளையில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் நம் ஊர்களுக்கு வேலை தேடி வந்தோர் உள்ளனர். சென்னையின் கட்டடப் பணிகளிலும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் அவர்கள் உழைக்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தினரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், முழந்தாளிடும் நேரத்தை மட்டும் நம்மைப் பார்த்து அறிந்துகொள்பவர்கள் அவர்கள். திருப்பலி முடிந்ததும் எவரோடும் பேசாமல் கலைந்து செல்கின்றனர். அவர்கள் பெயரைக் கேட்டறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் சவேரியார் உயிர் நீத்தபோது, அந்தோனி என்னும் பெயர் கொண்ட சீன இளைஞர் அருகிலிருந்தார். நோயின் கடுமையில் புனிதர் தமக்குத் தெரியாத ஒரு மொழியில் பேசினார் என்று அவர் பின்னர்க் கூறினார். தாய்மடியில் கற்ற பாஸ்கு மொழியே அது எனப் பலர் கருதுகின்றனர். பொருள் விளங்காவிடினும் அவ்விளைஞர் இறுதிவரை விலகாது உடனிருந்தார்.

மொழி விளங்காத மனிதருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவியும் அதுவே. அதற்குத் துபாசி தேவையில்லை.