லாரி யாருக்குச் சொந்தம்? - வாடகைக் கொள்முதலின் வரலாறு

முன்னுரை

எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தபிறகு இரவும் பகலும் லாரிகள்தான். முகப்பில் குலதெய்வத்தின் பெயர், கதவில் பிள்ளைகளின் பெயர், ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர். சின்ன வயதில் அதையும் சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன்!

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு, 36 தவணையில் பழைய லாரி ஒன்று வாங்கினார். 29 தவணை கட்டிவிட்டார். மழைக்காலத்தில் லோடு கிடைக்காமல் இரண்டு தவணை நின்றது. ஒருநாள் விடியற்காலை நான்கு பேர் வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். "என் வண்டியை எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டவருக்கு, "ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கண்ணே" என்பதுதான் பதில். 29 தவணை கட்டியவருக்கு அந்த வண்டியில் ஒரு டயர்கூடச் சொந்தமில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பியானோவில் தொடங்கிய கதை

'வாடகைக் கொள்முதல்' என்று கேள்விப்பட்டிருப்போம். பொருள் உடனே கைக்கு வரும். ஆனால் கட்டும் தவணை எல்லாம் வாடகைதான். கடைசித் தவணை கட்டி, வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தும்போதுதான் பொருள் சொந்தமாகும்.

இங்கிலாந்தில் 1895ல் ஒரு பியானோ பற்றிய வழக்கில் பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது. தவணை முடியும் வரை அதை எடுத்தவர் வாடகைக்காரர்தான் என்றது. இந்த வசதியைப் பயன்படுத்தி, கடைசித் தவணைகள் மிச்சமிருக்கும்போது பொருளைத் தூக்கிப் போவது அங்கே ஒரு தொழிலாகவே ஆனது. எல்லன் வில்கின்சன் என்ற பெண் எம்.பி. போராடி 1938ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மூன்றில் ஒரு பங்கு கட்டியவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைப் பறிக்க முடியாது என்றது அது.

சென்னைக்கு வந்தது

1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. 1955ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. லாரி செய்ய ஆலை வந்துவிட்டது. வாங்கப் பணம்? அந்தக் காலத்து வங்கிகள் டிரைவரை வாசற்படி ஏற்றாது. 1954ல் டி.எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். 1974ல் சீட்டுக் கம்பெனியாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979ல் லாரிக் கடனுக்கென்றே தனி நிறுவனம் அமைத்துப் பழைய லாரி வாங்கும் டிரைவர்களுக்கும் பணம் தந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் டிரைவராக இருந்து ஓனரான பலரை உருவாக்கியது இந்தத் தவணை முறைதான். அந்த நன்மையை மறைக்கக்கூடாது.

வராமலே போன சட்டம்

நம் நாட்டிலும் பாதுகாப்புக்கு முயற்சி நடந்தது. 1961ல் சட்ட ஆணையம் அறிக்கை தந்தது. 1972ல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. வட்டிக்கு உச்சவரம்பு, கணக்கு கேட்கும் உரிமை, பெரும்பகுதி கட்டியவரிடமிருந்து நீதிமன்றம் போகாமல் பறிக்கத் தடை எல்லாம் அதில் இருந்தன. 1973ல் அமலுக்கு வரும் என்று அறிவித்தார்கள். பிறகு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 1998ல் சட்ட ஆணையம் மறுபடியும் ஓர் அறிக்கை தந்தது. கடைசியில் 2005ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். 33 வருடம் புத்தகத்தில் இருந்த சட்டம் ஒரு நாள்கூட ஒரு டிரைவருக்கும் உதவவில்லை!

நீதிமன்றங்கள் சொன்னது

இந்த இடைவெளியில் வழக்குகள்தான் வழிகாட்டின. 1966ல் சுந்தரம் பைனான்ஸ் - கேரள அரசு வழக்கில், பெயர் எதுவானாலும் அந்த ஏற்பாடு உண்மையில் கடன்தான் என்று உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் அது விற்பனை வரி பற்றிய வழக்கு. 2001ல் சரண்ஜித் சிங் சட்டா வழக்கில், வாடகைக் கொள்முதலில் பைனான்சியர் தன் வண்டியைத் தானே எடுப்பது குற்றமாகாது என்றது அதே நீதிமன்றம். 2007ல் பிரகாஷ் கௌர் வழக்கில் அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதைக் கண்டித்தது. 2008ல் ரிசர்வ் வங்கி வசூல் ஏஜெண்டுகளுக்கு விதிமுறை வகுத்தது. சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

1982ல் வந்த 46வது அரசியலமைப்புத் திருத்தத்தால் வாடகைக் கொள்முதலுக்கும் விற்பனை வரி போட முடிந்தது. அதன்பின் பைனான்ஸ் கம்பெனிகள் மெல்ல மெல்லக் கடன் ஒப்பந்தத்துக்கு மாறின. இப்போது ஆர்.சி.யில் ஓனர் டிரைவர்தான். ஆனால் தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம் என்ற ஷரத்து மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் இன்னும் மோசம். அங்கே லோடு தரும் கம்பெனியே லாரியையும் தந்து, சம்பாத்தியத்தில் தவணையைப் பிடித்துக்கொள்ளும். வேலையை விட்டால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும். இதை ஆராய்ந்த அரசுக் குழு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களையே தடை செய்யச் சொல்லி 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

கணக்கில் இருக்கும் கண்ணி

"12 சதவீதம்தான் வட்டி" என்பார்கள். 1 லட்சம் வாங்கினால் மூன்று வருட வட்டி 36,000. மொத்தம் 1,36,000. அதை 36ஆல் வகுத்தால் மாதம் 3,778 ரூபாய். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே! கடைசி மாதத்தில் பாக்கி சில ஆயிரம்தான் இருக்கும். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கும். குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல்!

டயர் வெடித்தாலும், டீசல் விலை ஏறினாலும், லோடு இல்லாவிட்டாலும் நஷ்டம் டிரைவருக்கே. ஓனருக்குரிய கஷ்டம் எல்லாம் அவருக்கு, உரிமை மட்டும் கடைசித் தவணைக்குப் பிறகு. இதுதான் இந்த முறையின் அடிப்படை ஆபத்து.

முடிவுரை

சட்டம் வரும் என்று காத்திருந்து பயனில்லை என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம். தவணையில் வண்டி எடுப்பவர்கள் வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேட்க வேண்டும். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போடக்கூடாது. ஒப்பந்த நகலையும் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கடைசித் தவணை கட்டியதும் படிவம் 35, தடையில்லாச் சான்று இரண்டையும் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும்.

எங்கள் தெரு அண்ணன் இப்போது வேறொருவர் லாரியை ஓட்டுகிறார். அவருடைய 29 ரசீதுகளும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. ஒப்பந்த நகல் மட்டும் அவரிடம் இல்லை, கொடுக்கவே இல்லையாம். உங்கள் வீட்டில் யாராவது தவணையில் வண்டி எடுத்திருந்தால், இன்றைக்கே அந்த நகல் இருக்கிறதா என்று கேளுங்கள்.