காயிலும் பிளக்கும்: ஒரு பொறியின் கதை

எங்க காரைக்கால் 1739லேர்ந்து 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர். மூணு பக்கம் பழைய தஞ்சாவூர் ஜில்லா, நாலாவது பக்கம் கடல். அவன் என்னத்தை விட்டுட்டுப் போனான்னு கேட்டா பென்ஷன், தெருப்பெயர், போலீஸ்காரர் தலையில சிவப்புத் தொப்பின்னு அடுக்குவாங்க. என்னைக் கேட்டா இன்னொண்ணு சொல்லுவேன். ஒவ்வொரு பெட்ரோல் வண்டியோட பானெட்டுக்குள்ளயும் பாரீஸ் சமாச்சாரம் ஒண்ணு உட்கார்ந்திருக்கு. நம்ம மெக்கானிக் 'எச்.டி. காயில்'னு சொல்றாரே, அதுதான்.

முதல்ல வேலை என்னன்னு பார்த்துடுவோம். பேட்டரியில இருக்கறது வெறும் 12 வோல்ட். பிளக் நுனியில முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. அழுத்தி வச்ச பெட்ரோல் காத்துக்குள்ள அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்க 15,000, 20,000 வோல்ட் வேணும். இதை எங்கேர்ந்து கொண்டு வர்றது?

காயிலுக்குள்ள ஒரு இரும்புத் தண்டு, அதைச் சுத்தி ரெண்டு கம்பிச் சுருள். ஒண்ணு தடிமனா சில நூறு சுத்து, இன்னொண்ணு தலைமுடி மாதிரி மெல்லிசா அதைப்போல நூறு மடங்கு சுத்து. தடிமன் கம்பியில கரண்ட் ஓடும்போது தண்டு காந்தமாகும். அந்த கரண்டைப் பட்டுனு துண்டிச்சா, வேகமாப் போற பஸ் சடன் பிரேக் போட்டதும் நிக்கிறவங்க முன்னாடி போய் விழற மாதிரி, தேங்கின காந்த சக்தி மொத்தமும் மெல்லிசுக் கம்பி வழியாப் பாயும். அதுதான் பொறி. அதாவது கரண்ட் *போகும்போது* இல்லை, *நிக்கும்போது* பிறக்குது. நாலு சிலிண்டர் வண்டி 3000 ஆர்.பி.எம்.ல ஓடினா விநாடிக்கு 100 தடவை இது நடக்கணும்!

இதைக் கண்டுபிடிச்சது யாரு? இங்கதான் கதை கொஞ்சம் வலிக்கும். 1836ல அயர்லாந்துல மேனூத் கல்லூரியில நிக்கோலஸ் காலன்னு ஒரு பாதிரியார் முதல் தூண்டு சுருளைச் செஞ்சார். பேர் கிடைச்சது அவருக்கில்லை. ஜெர்மனியில பிறந்து பாரீஸ்ல கருவிக் கடை வச்சிருந்த ஹைன்ரிக் ரூம்கார்ஃப், 1850களில் அதை நல்லா மேம்படுத்தி வித்தார். உலகம் அதை 'ரூம்கார்ஃப் சுருள்'னே கூப்பிட ஆரம்பிச்சுது. மூன்றாம் நெப்போலியன் அவருக்கு 50,000 பிராங்க் பரிசு கொடுத்தார். காலன் பேரை ரொம்ப காலத்துக்கு யாரும் சொல்லலை.

1853ல ஃபீஸோன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி இதோட ஒரு கண்டென்சரைச் சேர்த்தார். துண்டிக்கிற இடத்துலயே பொறி பறந்து சக்தி வீணாகாம அது தடுத்தது. பழைய அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்டுக்குப் பக்கத்துல விரல் நுனி அளவுக்கு ஒரு டப்பா இருக்குமே, அதேதான். 1860ல பாரீஸ்ல லெனுவார் தன் கேஸ் எஞ்சின்ல இந்தக் காயிலோட ஒரு பிளக்கையும் பூட்டினார். காயிலும் பிளக்கும் சேர்ந்து குடித்தனம் பண்ண ஆரம்பிச்சது அப்போதான் :-) அப்புறம் 1902ல ஜெர்மனியில பாஷ் கம்பெனி ஹோனல்டின் மேக்னெட்டோ, 1910 வாக்கில் அமெரிக்காவில் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன். இந்த பாயிண்ட்-கண்டென்சர்-காயில் கூட்டணியே அறுபது எழுபது வருஷம் உலகத்தை ஓட்டுச்சு.

அப்ப இது காரைக்காலுக்குப் பிரெஞ்சுக் கப்பல்ல வந்துச்சுன்னு நினைச்சீங்களா? நம்ம மெக்கானிக்குகள் வாயில புழங்கின பேர்களைப் பாருங்க. 1951ல பெங்களூர்ல தொடங்கின மைக்கோ (2008லேர்ந்து பாஷ்), 1961ல வந்த பாடி லூகாஸ்-டிவிஎஸ். பாரீஸ் பொறி பெங்களூர், பாடி வழியாத்தான் நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்துது. பிரெஞ்சு மோட்டோபெக்கான் கூட்டுல திருப்பதியில செஞ்ச சுவேகா மொபெட் ஒண்ணுதான் கொஞ்சம் நேரடி உறவு.

சரி, நமக்கு இதுல என்ன? இருக்கு. காயிலையும் பிளக்கையும் தனித்தனியாப் பார்க்கறதுலதான் காசு போகுது. பிளக் தேய்ஞ்சா இடைவெளி அதிகமாகும். தாண்டறதுக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். காயில் மூச்சுப் பிடிச்சுக் கொடுத்துக் கொடுத்து ஒரு நாள் உள்ளேயே இன்சுலேஷன் போயிடும். மாறா, காயில் பலவீனமானா பொறி சோனியாகி பிளக் கரி பிடிக்கும். வீட்டுல ஒருத்தர் படுத்தா இன்னொருத்தரும் படுப்பாங்க இல்லையா, அதே கதை. பிளக்கை மட்டும் மாத்திட்டு "மிஸ்ஸிங் போகவே மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்க காயிலைப் பார்க்கணும். காயிலை மாத்தினவங்க பழைய பிளக்கையே திரும்பப் போட்டா புதுக் காயிலும் சீக்கிரம் போகும்.

நம்ம ஊர்ல கூடுதல் தொல்லை ஒண்ணு: உப்புக்காத்து. ஐப்பசி கார்த்திகை அடைமழையில பிளக் வயர் மேலயும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலயும் உப்பு ஈரம் படிஞ்சா, பொறி பிளக்குக்குப் போகாம அது வழியா எர்த்துக்கு ஓடிடும். காலையில வண்டி இருமிட்டுப் படுத்துக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். உலர்ந்த துணியால துடைச்சா பாதிப் பிரச்னை தீரும்.

இப்போ வர்ற பல கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில். சந்தேகம் வந்தா எஞ்சினை நிறுத்திட்டு ரெண்டு சிலிண்டர் காயிலை இடம் மாத்திப் போடச் சொல்லுங்க. மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினா கோளாறு காயில்ல. மாறலைன்னா பிளக்கையோ வேற எதையோ பாருங்க. மிஸ்ஸிங்கோட நாள்கணக்கா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அது காயிலைவிட ரொம்ப விலை.

அடுத்த தடவை சாவியைத் திருப்பும்போது அந்த ஐரிஷ் பாதிரியாரை ஒரு விநாடி நினைச்சுக்கோங்க மக்களே. பரிசுதான் கிடைக்கலை, நன்றியாவது போய்ச் சேரட்டும். உங்க ஊர்ல காயிலுக்கும் கண்டென்சருக்கும் வேற பேர் வச்சிருந்தா சொல்லிட்டுப் போங்க, சேர்த்து வைக்கிறேன்.