பழுதைப் பொறுக்கும் பொறி

யானைக்கும் அடி சறுக்கும் என்பர். மனிதர் ஆக்கிய பொறிகளுக்கும் இது பொருந்தும். பழுதே நேராத கணினியைப் படைத்தல் அரிது. ஆகவே, பழுதுற்ற பின்னரும் கடமை வழுவாத கணினியை ஆக்குதல் எங்ஙனம் என்ற வினா, கணினிக் காலத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது.

ஜோன் வொன் நொய்மன் என்ற கணித மேதை, 1952ஆம் ஆண்டில் கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் இதனை ஆராய்ந்தார். நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டே நம்பத்தக்க அமைப்பைக் கட்டலாம் என அவர் காட்டினார். ஒரே வேலையைப் பல உறுப்புகளிடம் ஒப்படைத்து, பெரும்பான்மையின் விடையைக் கொள்வது அவர் கூறிய வழிகளுள் ஒன்று.

அக்காலத்தில் பிராக் நகரில் அன்ரனின் ஸ்வோபொடா என்பார் இக்கருத்தைச் செயலிற் காட்ட முயன்றார். ஆயிரக்கணக்கான மின்காந்த ஆளிகளால் அமைந்த அவரது 'சாப்போ' கணினி 1957இல் இயங்கத் தொடங்கியது. அதன் மூன்று கணிப்புப் பகுதிகள் ஒரே கணக்கைச் செய்யும். இரண்டேனும் உடன்பட்ட விடையே ஏற்கப்படும். ஆயினும் 1960இல் சாப்போ தீப்பற்றி அழிந்தது. தனித்தனிப் பழுதுகளை வெல்ல வல்ல மூன்று பகுதிகளும் ஒரே நெருப்புக்கு இரையாயின.

பழுதுற்ற பகுதி ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் கூறினால் என் செய்வது? விமானத்தை இயக்கும் கணினிகளை ஆராய்ந்தபோது இச்சிக்கல் எழுந்தது. செய்திகளுக்குப் போலி செய்யவியலாத கையொப்பம் இல்லாதவிடத்து, ஒரு பொய்யனைப் பொறுக்க மூவர் போதார், நால்வர் வேண்டும் எனப் பீஸ், ஷொஸ்ரக், லம்போட் ஆகிய மூவரும் 1980இல் நிறுவினர். 1982இல் இதனையே, நகரை முற்றுகையிட்ட பைசாந்தியத் தளபதிகளிடையே துரோகி மறைந்திருக்கும் கதையாக அவர்கள் விளக்கினர்.

துரோகி என்ற சொல் புதியதொரு வாயிலைத் திறந்தது. இயற்கைப் பழுதைப் பொறுக்கும் முறை, பகைவனின் ஊடுருவலையும் பொறுக்குமா? 1985இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர் பிராகாவும் பவலும் கோப்பொன்றைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளிற் சிதறி வைக்கும் முறையை முன்வைத்தனர். ஒரு கணினியைக் கைப்பற்றிய கள்வன் முழுச் செய்தியையும் அறியான்; ஒன்று அழிந்தாலும் ஏனையவற்றிலுள்ள பிரதிகளால் கோப்பை மீட்கலாம்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், மாணவரொருவர் ஏவிய நிரல் இணையத்திற் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. ஒரே வகை மென்பொருளும் ஒரே குறைபாடும் கொண்டிருந்தமையாலேயே அவை ஒருங்கே வீழ்ந்தன; வேறு வகைக் கணினிகள் தப்பின. பிராக் நகரத் தீயின் பாடமே இங்கு மீண்டும் தோன்றியது.

1999இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் காஸ்ரோவும் லிஸ்கோவும், துரோகிகளைப் பொறுக்கும் முறையை நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் இயக்கிக் காட்டினர். ஆயினும் பிரதிகளின் எண்ணிக்கை மட்டும் காவலாகாது. அவை தம்முள் வேறுபடவும் வேண்டும். அவ்வேறுபாடும் எளிதில் வாய்ப்பதன்று. 1986இல் வெளியான நைற், லெவெசன் ஆய்வில், ஒரே பணிக்காகத் தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களுட் பல, ஒரே இடங்களில் தவறின. தனித்தனியே சிந்திப்போரும் ஒரே குழியில் விழுதல் கூடும். அக்குழிகளை முன்னறிந்து விலகுவதே இத்துறை ஆய்வாளர் முன்னுள்ள பெரும் பணியாகும்.