சிப்பாங்கிலிருந்து நகரத்துக்கு: ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள்

கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையம் 1965 முதல் சுபாங்கில் இயங்கியது. நகரத்துக்குப் பக்கம் என்பதால் பேருந்தையும் டாக்சியையும் வைத்தே காலம் ஓடியது. 1998 ஜூன் இறுதியில் சிப்பாங்கில், செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில், கேஎல்ஐஏ என்ற புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபோது நகரத்துக்கான தொலைவு 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சென்னைக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் பாதை மீனம்பாக்கம் வழியாகவே செல்கிறது. சாலையைக் கடந்தால் திரிசூலம் நிலையம். சிப்பாங்கில் அப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் பழைய ரயில் பாதை எதுவும் இல்லை.

புதிய பாதை வரும்வரை சிக்கனக்காரர்கள் பேருந்தில் நீலாய் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கேடிஎம் கொமுட்டர் பிடித்தார்கள். 1995-ல் தொடங்கிய அந்தப் புறநகர் ரயில், சிரம்பான் தடத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடியது; பெட்டி தூக்கிவரும் விமானப் பயணிக்காக அல்ல. ஆனால் கட்டணம் சில வெள்ளிதான்.

விமான நிலையத்துக்கென்றே அமைத்த பாதை 2002-ல் வந்தது. ஏப்ரலில் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் தொடங்கியது. இடையில் எங்கும் நிற்காமல் நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம். ஜூனில் அதே தண்டவாளத்தில் கேஎல்ஐஏ டிரான்சிட் ஓடத் தொடங்கியது. இது சாலாக் திங்கி, புத்ராஜெயா–சைபர்ஜெயா, பண்டார் தாசேக் செலாத்தான் ஆகிய மூன்று இடங்களில் நின்று போகும். கூடுதலாகும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. கொமுட்டரை இப்பாதையில் விட வழியில்லை: கேடிஎம் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர், இதன் அகலம் 1,435.

டிரான்சிட் மலிவான ரயில் என்பது பாதி உண்மைதான். கடைசி நிலையமான சென்ட்ரல் வரை போனால் எந்த ரயிலுக்கும் ஒரே கட்டணம்: முதலில் 35 வெள்ளி, 2016 ஜனவரி முதல் 55. நடுவில் இறங்கினால்தான் மிச்சம். பண்டார் தாசேக் செலாத்தானில் கொமுட்டரும் எல்ஆர்டியும் சந்திப்பதால், அங்கே இறங்கி மாறுகிறவர் சொற்பக் காசில் நகரத்துக்குள் போய்விடலாம்.

மலிவுக்கு ஒரு பொற்காலம் இருந்தது என்றால் அது எல்சிசிடி காலம். 2006 மார்ச்சில் திறந்த அந்த மலிவு விமான முனையத்துக்கு ரயிலே கிடையாது. அங்கிருந்து பேருந்தில் சாலாக் திங்கிக்கும், பிறகு டிரான்சிட்டில் சென்ட்ரலுக்கும் போக ஒரே சீட்டு விற்றார்கள். விலை 12 வெள்ளி 50 காசு. விமான நிலையத்திலேயே ரயில் ஏறியவர் கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! 2008 டிசம்பரில் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியதும் இந்த முனையத்திலிருந்துதான். 2014 மே மாதம் கேஎல்ஐஏ2 என்ற புதிய முனையம் திறந்து, ரயிலும் கட்டடத்துக்குள்ளேயே வந்தபோது எல்சிசிடி மூடப்பட்டது, சாலாக் திங்கி சீட்டும் போயிற்று. வசதி கூடியது, மலிவு குறைந்தது.

சுபாங்குக்கும் பின்னாளில் ரயில் கிடைத்தது. 2018 மே மாதம் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு கிளைப்பாதையில் கொமுட்டர் விமான முனையம் வரை போனது. போதிய பயணிகள் ஏறாததால் 2023-ல் அந்தச் சேவை நின்றது.

மலையூரான பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விமானம் ஏற வருகிறவர்களுக்கு மலையில் ரயில் இல்லை. மிக அருகிலுள்ள ரயில் பாதை கீழே தாப்பா ரோட்டில் இருக்கிறது. மலையிலிருந்து வரும் பேருந்துகள் முன்பு நகரின் நடுவே புடுராயாவுக்கு வந்தன. அங்கே இறங்கியவர் விமான நிலையத்துக்கு மறுபடி வண்டி தேட வேண்டும். 2011-ல் பண்டார் தாசேக் செலாத்தானில் திறந்த டிபிஎஸ் பேருந்து நிலையத்துக்குத் அதே மலையிலுள்ள தானா ராத்தாவின் பேருந்துகள் மாறிய பிறகு கணக்கு வேறாயிற்று. சிப்பாங்கிலிருந்து திரும்புகிறவர் டிரான்சிட்டில் இரண்டாம் நிறுத்தம் தாண்டி மூன்றாவதில் இறங்கி, நடைபாலம் கடந்து, மலைக்குப் பேருந்து ஏறிவிடலாம். நகரத்துக்குள் போகவே வேண்டியதில்லை. சென்ட்ரல் வரைக்குமான முழுக் கட்டணமும் இல்லை.