ஒரே வேளையா, இரு வேளையா: ஐசோனியசிட் அளவுமுறையின் தமிழக வரலாறு (1956–2017)

மதுரை கோச்சடையில் 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் இன்று உறுதியானால், முதல் இரண்டு மாதம் நாள்தோறும் மூன்று மாத்திரை தருவார்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரிக்கக் கூடாது.

காய்ச்சல் மாத்திரையை மூன்று வேளையாகப் பிரித்தே பழகிய குடும்பங்களுக்கு இது எளிதில் ஒப்பாது. "மூணையும் ஒண்ணா போட்டா வயிறு தாங்குமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை வெளிநாட்டுப் பாடநூலிலிருந்து இறக்குமதியானதன்று. 1956க்குப் பின் சென்னையில், தென்னிந்திய நோயாளிகளின் இரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து பெறப்பட்டது அது. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் சென்னை ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது, காசநோயாளிக்குச் சானடோரியம் தேவையில்லை என்று நிறுவியதையே முதலில் சொல்கிறார்கள். அந்தப் புகழ் தகும். ஆனால் அதே நோயாளிகளிடமிருந்து கிடைத்த இன்னொரு அறிவு, ஒரு மருந்து உடலில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது, உலகெங்கும் காசநோய் மருந்தின் வேளையையே மாற்றியது. இக்கட்டுரை அதைப் பின்தொடர்கிறது.

வேளை பற்றிய கவலை நம்மிடம் பழையது. சித்த மருத்துவர் மருந்தை மட்டும் கொடுப்பதில்லை. தேனில் குழைப்பதா, நெய்யில் குழைப்பதா, இஞ்சிச் சாற்றில் கொடுப்பதா என்று அனுபானம் சொல்வார். எதை விலக்க வேண்டும் என்று பத்தியம் சொல்வார். மருந்து உடலுக்குள் செல்லும் வழியும் மருந்தின் ஒரு பகுதியே என்ற எண்ணம் அதில் உண்டு. நவீன மருந்தியல் கேட்பதும் அதே கேள்விதான். அது கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு கேட்டது என்பதே வேறுபாடு.

விழுங்கிய ஐசோனியசிட் குடலில் எளிதில் உறிஞ்சப்படுகிறது. அங்கிருந்து வரும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலைக் கடக்கிறது. உடல் முழுதும் பரவுமுன்பே மருந்தின் ஒரு பகுதி அங்கே மாற்றப்பட்டுவிடலாம். எஞ்சியது ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தை எட்டி, நுரையீரலின் புண்ணுக்கும் செல்கிறது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கல்லீரல் அதன்மேல் அசிட்டைல் கூறு ஒன்றை ஏற்றி வலுவிழக்கச் செய்ய, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எல்லா மருந்துக்கும் இதே வழி இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் குடலில் உறிஞ்சப்படாததால் ஊசியாகவே போட வேண்டும். அது மாறாமலே சிறுநீரில் வெளியேறும். ரிஃபாம்பிசினுக்குச் சோறு தடை, வெறும் வயிற்றில் போட்டால்தான் முழுப்பலன். அது கல்லீரலின் நொதிகளையும் தூண்டிவிடுவதால், உடன் உட்கொள்ளும் வேறு மருந்துகள், கருத்தடை மாத்திரை உட்பட, வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்துபோகும்.

ஐசோனியசிட் 1912லேயே பிராகாவில் வேதிப்பொருளாகத் தயாரிக்கப்பட்டது. அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952இல்தான் தெரிந்தது. விலை மலிவு, வாய்வழி கொடுக்கலாம். ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து அப்போது இல்லை. ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரே அளவு கொடுத்தாலும் சிலர் உடலில் மருந்து விரைவில் மறைந்தது. சிலரிடம் நீண்ட நேரம் நின்றது. இடைப்பட்டவர்கள் குறைவு, மக்கள் இரு கூட்டமாகவே பிரிந்தார்கள். இது பரம்பரையாக வருவது என்பதை 1960இல் எவன்ஸ், மேன்லி, மெக்குசிக் ஆகியோர் குடும்பங்களை ஆராய்ந்து நிறுவினர்.

இந்தச் சூழலில்தான் 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். முதல் ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் பாரா-அமினோசாலிசிலிக் அமிலமும் கொடுத்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த உணவு, ஓய்வில்லாத உடல். இத்தனைக்கும் நடுவே வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழச் சானடோரியத்துக்கு இணையான பலன் தந்தது. 1959இல் வெளியான இந்த முடிவு உலகப் புகழ் பெற்றது.

வீட்டுக்கு மருந்தைக் கொடுத்தனுப்பியதும் அடுத்த கேள்வி எழுந்தது. நோயாளி அதை உண்மையில் விழுங்குகிறாரா? பாஸ் நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவுக்கு விழுங்க வேண்டிய மருந்து; வயிற்றைப் புரட்டும். மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீர் வாங்கிவந்து சோதித்தார்கள். மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும் நோயாளியின் தடுமாற்றம் பற்றி ஃபாக்ஸ் 1958லேயே தனிக் கட்டுரை எழுதினார். நோயாளியைக் குற்றவாளியாக்கும் நோக்கம் அதில் இல்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இருமல் நின்று பசி எடுத்து உடல் தேறிய பிறகு, பத்து மாதம் குமட்டலைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் கடினம்தான்.

பாஸ் வேண்டாம், ஐசோனியசிட் மட்டும் போதுமா என்று அடுத்துப் பார்த்தார்கள். 1960இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு பிரிவினர் நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிகிராம் ஐசோனியசிட்டை ஒரே வேளையாக விழுங்கினர். இன்னொரு பிரிவினர் அதே 400ஐ இரு வேளையாகப் பிரித்து விழுங்கினர். மூன்றாம் பிரிவுக்கு அதில் பாதியளவு, நான்காம் பிரிவுக்குப் பாஸுடன் ஐசோனியசிட். பாஸுடன் சேர்ந்த பிரிவுதான் முதலில் நின்றது. ஆனால் தனி ஐசோனியசிட் பிரிவுகளுக்குள், ஒரே வேளையாகக் கொடுத்தது இரு வேளையாகப் பிரித்ததைவிடச் சிறப்பாக இருந்தது. மொத்த அளவு ஒன்றே. கூட்டல் கணக்கில் வேறுபாடே இல்லை.

கிருமியைப் பொறுத்தவரை, நாள் முழுதும் இரத்தத்தில் ஓரளவு மருந்து நிற்பதைவிட, சில மணி நேரம் உயர்ந்த உச்சம் எட்டப்படுவது கூடுதல் பயன் தந்தது. கோச்சடை வீட்டுப் பெரியவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிரித்துக் கொடுத்தால் உச்சம் தாழ்ந்துவிடும்.

அதே மையத்தின் உயிர்வேதியியலாளர் பி. ஆர். ஜே. கங்காதரமும் சகாக்களும் 1961இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு ஐசோனியசிட் ஊசி போட்டு, நாலரை மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்து, விரைந்து மாற்றுவோர், மெதுவாக மாற்றுவோர் என்று அவர்களைப் பிரித்தார்கள். தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாக மாற்றுவோர். ஜப்பானியர் பெரும்பாலும் விரைந்து மாற்றுவோர். தனி ஐசோனியசிட் பெற்றவர்களில் மெதுவாக மாற்றியவர்களுக்கே குணம் அதிகம். பக்கவிளைவும் அவர்களுக்கே அதிகம். உயர்ந்த அளவு பெற்றவர்களில் சிலருக்குக் கைகால் மரத்துப்போய்ப் பாதம் எரிந்தது. ஐசோனியசிட் பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினைக் கட்டி வெளியேற்றுவதால் நரம்பு பாதிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் அதைத் தடுக்கும் என்பதும் சென்னையிலேயே 1963இல் காட்டப்பட்டது. உணவில் இந்த வைட்டமின் குறைவாக உள்ள மக்களுக்கு அது சிறிய கண்டுபிடிப்பு அல்ல.

உச்சமே முக்கியம் என்றால், நாள்தோறும் கொடுக்கத்தான் வேண்டுமா? லண்டனில் டெனிஸ் மிச்சிசனின் ஆய்வகம் காசநோய்க் கிருமியைச் சில மணி நேரம் மருந்தில் ஊறவைத்து, மருந்தை நீக்கிப் பார்த்தது. மருந்து போன பிறகும் கிருமி உடனே வளரத் தொடங்கவில்லை. சில நாள் தயங்கி நின்றது. மிகமெதுவாகப் பெருகும் கிருமிக்கு அது ஒத்துவரும் தன்மைதான். 1964இல் வெளியான சென்னை ஆய்வு, வாரம் இருமுறை மையத்துக்கே வரவழைத்துக் கண்முன்னே கொடுக்கும் மருந்து, வீட்டில் நாள்தோறும் உண்ணும் மருந்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று காட்டியது. எடைக்கு ஏறத்தாழக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஐசோனியசிட்டும் ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அப்போது கொடுக்கப்பட்டன. கிருமியின் தயக்கமும் நோயாளியின் தயக்கமும் ஒரே திட்டத்தில் கணக்கில் வந்தன. கண்முன்னே கொடுப்பது என்ற பின்னாளைய டாட்ஸ் முறையின் வேர் இங்கே இருக்கிறது.

அடுத்து வாரம் ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். 1970இல் முடிவு வந்தது. அங்கே கல்லீரல் தன் கணக்கைக் கேட்டது. விரைந்து மாற்றுவோர் பின்தங்கினார்கள். ஏழு நாள் இடைவெளியை அவர்களின் குறுகிய உச்சம் தாங்கவில்லை. மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை செய்து அவர்களை எட்டலாமா என்று லண்டனிலும் சென்னையிலும் முயன்றார்கள். அந்த முயற்சி நடைமுறைக்கு வரவில்லை. எழுபதுகளில் ரிஃபாம்பிசின் வந்ததும் ஐசோனியசிட்டின் வேளை பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது. மதுரையிலும் மையத்தின் பிரிவு அமைந்து, பின்னாளைய குறுங்கால மருந்துத் திட்டங்களின் ஆய்வுகளில் பங்கேற்றது.

கல்லீரல் பின்னுக்குப் போகவில்லை. ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் சேரும்போது மஞ்சள் காமாலை கூடுவதைச் சென்னை ஆய்வாளர்கள் கண்டார்கள். மெதுவாக மாற்றுவோரின் உடலில் ரிஃபாம்பிசின் தூண்டுதலால் ஐசோனியசிட்டிலிருந்து ஹைட்ரசின் என்னும் நச்சுப்பொருள் கூடுதலாக உருவாகிறது என்று ஜி. ஆர். சர்மாவும் சகாக்களும் 1986இல் எழுதினார்கள். ஒரே மரபுப் பண்பு குணத்துக்கும் துணைநிற்கிறது, கேட்டுக்கும் வழிவிடுகிறது.

1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் வாரம் மும்முறை மருந்தைக் கண்முன்னே கொடுத்தது. ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் ஐசோனியசிட், வாரத்துக்கு 1800. இன்றைய 45 கிலோக்காரருக்கு நாளொன்றுக்கு 225, வாரத்துக்கு 1575. மொத்தத்தில் வேறுபாடு சிறிது. உச்சத்தின் உயரத்திலும் இடைவெளியிலும்தான் மாற்றம். இருபது ஆண்டுகள் அந்த முறை நடந்தது. எச்ஐவி உள்ளவர்களின் குடல் ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிட்டையும் சரியாக உறிஞ்சுவதில்லை என்பதை 2004இல் சென்னை ஆய்வாளர்களே காட்டியிருந்தார்கள். அத்தகையோரிடம் இடைவெளிவிட்ட முறை ரிஃபாம்பிசின் எதிர்ப்பாற்றலுக்கு இடம் கொடுத்தது. சிகிச்சை முடிந்தும் நோய் திரும்பியவர்களின் கவலை மறுபக்கம். 2010இலேயே உலக சுகாதார நிறுவனம் தினசரி முறைக்கு முன்னுரிமை தந்தது. 2017 ஜனவரியில் மைய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபடி, அவ்வாண்டே இந்தியா தினசரி முறைக்கு மாறத் தொடங்கியது.

சென்னை ஆய்வுகள் தவறு என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோரை நான் ஏற்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு, முழுக் கண்காணிப்பில், ஓராண்டு நடந்த முறை அது. அந்தக் கண்காணிப்பும் அந்த மருந்துச் சேர்க்கையும் இல்லாத இடத்துக்கு இடைவெளியை மட்டும் எடுத்துச் சென்றதில்தான் பிழை. இன்று தினசரி மாத்திரை வீட்டில்தான் விழுங்கப்படுகிறது. மாத்திரை அட்டையின் உறைக்குள் மறைந்திருக்கும் எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்து, விழுங்கியதைச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. ஃபாக்ஸின் ஊழியர்கள் சிறுநீரைத் தேடிப்போன அதே கேள்வி இப்போது தொலைபேசியில் கேட்கப்படுகிறது.

ஒன்று மட்டும் 1961இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விரைந்து மாற்றுவோரா, மெதுவாக மாற்றுவோரா என்று வழக்கமான சிகிச்சையில் யாரும் யாரையும் சோதிப்பதில்லை. நான்கு மருந்து சேர்ந்த திட்டத்தில் அது பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை என்பது உண்மை. எடை குறைந்த குழந்தைகளிடமும் குடல் உறிஞ்சாதவர்களிடமும் அது தேவைப்படலாம் என்று நான் எண்ணுகிறேன். அவர்களிடம் மற்ற மருந்துகளும் முழு உயரம் எட்டாமல் போகலாம். கோச்சடையில் ஒரே தெருவில் வாழும், ஒரே 45 கிலோ எடையுள்ள இருவர் காலை ஏழு மணிக்கு மூன்று மாத்திரை விழுங்குகிறார்கள் என்று கொள்வோம். எட்டு மணிவாக்கில் இருவர் இரத்தத்திலும் உச்சம். ஒருவர் கல்லீரல் ஐசோனியசிட்டை ஒன்றேகால் மணி நேரத்துக்கொருமுறை பாதியாக்குகிறது; மற்றவருக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு முதலாமவரிடம் அந்த உச்சத்தில் ஏறத்தாழ இருபத்தெட்டில் ஒரு பங்கே எஞ்சும். இரண்டாமவரிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.