துரை பங்களாத் தொட்டி: மலையில் தண்ணீர் முதலில் யாருக்குப் போகும்?

எங்க அத்தை மகனுக்குக் காலையில் முதல் வேலை தண்ணீரைக் கூட்டுவது. நீளக் கம்பில் பொருத்திய வலையோடு போய், இரவில் விழுந்த யூக்கலிப்டஸ் இலை, வண்டு, ஈசல் எல்லாத்தையும் அள்ளிப் போடணும். ஹட்டன் பக்கம் ஒரு பழைய துரை பங்களா இப்போ விடுதி. புல்தரையில் நீல ஓடு பதித்த நீச்சல் தடாகம். ஆனா தோட்டத்து ஆட்கள் வாயில் அது இன்னும் 'தொட்டி'தான். ஏன்னா அந்த இடத்தில் முன்னாடி இருந்தது ஒரு சிமெந்துத் தொட்டி. அதைக் கழுவினவர் எங்க தாத்தா.

மலையகத்தின் வரலாறுன்னா கோப்பி, தேயிலை, கங்காணி, குடியுரிமை என்றுதான் எழுதுவோம். எழுதத்தான் வேணும். ஆனா ஒரு தோட்டத்தில் யார் யாருக்கு மேலே என்று தெரிஞ்சுக்க, தண்ணீர் இறங்கி வர்ற வழியைப் பார்த்தாலே போதும். ஊற்று காட்டோரம், உச்சியில். அதுக்குக் கீழே, நல்ல காட்சி தெரியுற மேட்டில் துரை பங்களா. அப்புறம் ஸ்டோர். பெரும்பாலும் கடைசியில்தான் லயமும் பீலியும். தண்ணீருக்கு மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும். யாரை மேட்டில் வைக்கணும், யாரைப் பள்ளத்தில் வைக்கணும் என்று முடிவு பண்ணினது மனுஷங்க.

குளிர் மலையில் நீச்சல் எதுக்குன்னு கேட்கலாம். வெள்ளைக்காரர்களுக்குத் தண்ணீர் வேடிக்கைக்கும் வேணும். நுவரெலியாவின் கிரகரி வாவி இயற்கையானது இல்லை. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் உண்டாக்கினது. அதில் படகு விட்டார்கள், ஓடைகளில் இங்கிலாந்து ட்ரவுட் மீனை வளர்த்தார்கள். ஊரில் இருந்ததையெல்லாம் இங்கே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு, பங்களா முற்றத்தில் ஒரு குளியல் தொட்டி பெரிய விஷயமே இல்லை.

அந்தத் தொட்டியைப் பராமரிக்கிறதுதான் பெரிய விஷயம். தண்ணீரில் குளோரின் போடுகிற பழக்கமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் இதுதான் முறை: நிரப்பு, அழுக்கானதும் திறந்து விடு, கழுவு, மறுபடி நிரப்பு. எங்க தோட்டத்துத் தொட்டி கடைசிவரைக்கும் அப்படியேதான் ஓடியது. வடிகட்டி கிடையாது, மருந்து கிடையாது. தாத்தா 60களில் பங்களாவுக்குத் தோட்டக்காரராகப் போனவர். தண்ணி பச்சையடிச்சதும் அடைப்பைப் பிடுங்கி கானுக்குள்ள விடுவார். தேங்காய் மட்டையால பாசியைத் தேய்ப்பார், சுண்ணாம்பு அடிப்பார், காய்ந்ததும் ஊற்றுக் குழாயைத் திருப்புவார். தொட்டி நிறைய ரெண்டு நாள் ஆகும்.

மே மாசம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிட்டா அந்த ரெண்டு நாள் யாருக்கும் தெரியாது. மலை முழுக்க தண்ணிதான். பிரச்சினை ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். அப்போ நுவரெலியா பக்கம் விடியற்காலை உறைபனியில் கொழுந்து கருகும், ஊற்று நூலாகும். சரியா அந்த மாசங்களில்தான் வெயிலும் நல்லா அடிக்கும், துரைசானிக்கும் பிள்ளைகளுக்கும் நீந்தணும்னு தோணும். குழாய் தொட்டிக்குத் திரும்பினா பீலி சொட்டும். அம்மாயி விடியக்காலம் நாலு மணிக்கு வரிசையில் குடம் வைக்கப் போன கதையை இன்னும் சொல்வார். பெரட்டுக்கு நேரமாகிடும், தண்ணி வராது, பிந்திப் போனா வேலையில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. குழாயைத் திருப்பினவர் தன் வீட்டுக்காரர்தான் என்று அவருக்குத் தெரியும். "என்ன பண்றது, அவருக்கு அது வேல" என்பார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டார்.

இதில் ஒரு விசித்திரம். தொட்டி துரைக்கும் சொந்தம் இல்லை. அவரும் கம்பெனியின் சம்பளக்காரர், மாற்றம் வந்தா பெட்டியைக் கட்ட வேண்டியவர். துரைமார் மாறுவார்கள், கழுவுற ஆள் மாற மாட்டார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரை போய் நம்ம நாட்டுத் துரை வந்தார். அவருக்கு நீச்சலில் ஆர்வமில்லை. தொட்டி விரிசல் விட்டது, மழைத்தண்ணி தேங்கி தவளை குடியேறியது. எங்க அப்பா நீந்தப் பழகினது அந்தத் தவளைத் தண்ணியில்தான், அதுவும் களவாக. தோட்டத்துப் பிள்ளைகள் அந்தத் தொட்டியில் இறங்கினது அந்தச் சில வருஷங்கள் மட்டும்தான். அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை.

இதே மலையில் இன்னும் பெரிய தொட்டிகளும் கட்டினாங்க. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம்னு 1918லேயே சொன்னவர். கெஹெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுஸ்ஸாக்கலை 1969இல். அதில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வறட்சியில் தண்ணி இறங்கினா கோவில், பள்ளிவாசல், விகாரை மூணும் சேற்றிலிருந்து தலை காட்டும். பஸ்ஸில் ஆட்கள் வந்து பார்ப்பாங்க, நானும் போயிருக்கேன். அந்தத் தண்ணீரின் மின்சாரம் கொழும்புக்கு உடனே போனது. பக்கத்திலேயே இருந்த பல லயங்களுக்கு வர வருஷக்கணக்கானது.

1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பெனிகளின் கைக்குப் போனது. 2005இல் காசல்ரீ, பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய பங்களாக்கள் சில 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்ற பெயரில் விடுதிகளாகின. பங்களாவை விடுதியாக்கும் வழக்கம் அதுக்குப் பிறகு பரவியது. ஏரி தெரியுற மேடு, நூறு வருஷத்துக் கூரை, முற்றத்தில் தடாகம். எங்க தொட்டியையும் உடைச்சிட்டுப் புதுசா கட்டினாங்க. நீளம் 10 மீட்டர், அகலம் 5, சராசரி ஆழம் ஒன்றரை. அதாவது 75,000 லீட்டர். 20 லீட்டர் கேனில் கணக்குப் போட்டா 3,750 கேன். ஒரு நாளைக்குப் பத்து கேன் பிடிக்கிற வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல வரும். இடமும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்கள் நாலரையை அதுக்குள்ள வைக்கலாம்.

இப்போ மருந்து இருக்கு, வடிகட்டி இருக்கு. அதனால முழுசா இறைக்க வேண்டியதில்லை. நியாயமாச் சொன்னா தாத்தாவின் தொட்டியைவிட இது தண்ணீரைக் குறைவாத்தான் தின்னும். ஆனா வேலை குறையவில்லை. மழைக்காலத்தில், "மழ பெஞ்சா மருந்து செத்துரும் மச்சான்" என்பான் அத்தை மகன். மழைநீர் கலந்து குளோரின் நீர்த்துப் போகும், பிஎச் அளவும் இறங்கும். மலை ஊற்றுத் தண்ணீரே கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, அதனால சோடாத் தூள் போட்டு 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிறுத்தணும். மேட்டு மலையில் புல்லுச் சுரண்டியிருந்தா மண் கரைஞ்சு வரும். தண்ணி தேத்தண்ணி நிறமாகிடும், வடிகட்டியை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவணும். வெயில் காலத்தில் குளோரினை வெயில் தின்னும், தண்ணியும் ஆவியாகும். நாளைக்கு 3 மில்லிமீட்டர் இறங்கினாலே 150 லீட்டர், ஏழெட்டு கேன். அதை மறுபடி ஊற்றிலிருந்துதான் நிரப்பணும்.

அப்போ பீலிக்கு யார் பொறுப்பு? ஊர்ல பிரதேச சபை என்று ஒன்று இருக்குதே என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. நம்ம ஆட்கள் ஓட்டுப் போடலாம், உறுப்பினராகலாம், ஆனா லயத்துக்கு ஒரு குழாய் போட அந்தச் சபையால் முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். 31 வருஷம். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்குத் தனிச் சபைகள் வந்தன. சட்டம் மாறினதும் குழாய் தானா வந்திடாது. ஆனா இனி போய்க் கேட்க ஒரு கதவு இருக்கு, அதை நாமதான் தட்டணும்.

போன பெப்ரவரியில் தாத்தாவைக் கூட்டிக்கிட்டு ஊற்றுக்கு ஏறினோம். 80 தாண்டினவர், வழியில் நாலு தடவை உட்கார்ந்தார். காட்டோரத்தில் குழாய் ரெண்டாப் பிரியுற இடத்தைக் கையால் தடவிக் காட்டினார். பங்களாப் பக்கம் போறது ரெண்டு அங்குலம், புது வால்வு, எண்ணெய் போட்டு வைச்சிருந்தது. லயத்துப் பக்கம் போறது முக்கால் அங்குலம். அது தாத்தா காலத்துக் குழாயேதான்.